குழம்புக்கா, பொரிக்கவா?

தாமிரபரணிக் கரையில் மீன் சமையல் வெட்டுக்கட்டையிலேயே தொடங்கிவிடுகிறது. அந்தக் கைப்பழக்கம் குறையக் குறைய, நம் சட்டிக்கு வரும் மீன் வகைகளும் குறைந்துகொண்டே போகின்றன.

பாளையங்கோட்டை மார்க்கெட்டாகட்டும், ஏரல் கடைத்தெருவாகட்டும், ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வரும் டிவிஎஸ் வண்டியாகட்டும், மீனை எடை போட்டதும் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: “அண்ணாச்சி, குழம்புக்கா, பொரிக்கவா?”

பதிலைப் பொறுத்துக் கத்தியின் வேலை மாறும். கட்டையில் இரண்டு கிலோ சீலா ஒன்று கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் வஞ்சிரம், கன்னியாகுமரியில் நெய்மீன் என்று விற்கும் அதே மீன்தான். பொரிக்க என்றால், செவுளை ஒட்டித் தலையைத் தறித்து ஒதுக்கிவிட்டு, உடம்பை விரல் கனத்துக்கு வட்டம் வட்டமாக அறுப்பார்கள். எல்லா வட்டமும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து மறு பக்கம் மெலிந்துவிட்டால், மெலிந்த பக்கம் கருகும் நேரத்திலும் தடித்த பக்கம் வெந்திருக்காது. குழம்புக்கு என்றால் துண்டின் கனம் கூடும். தலையை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, உள்ளே இருக்கும் செவுள் பூவைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வால் துண்டோடு சேர்த்துக் கட்டுவார்கள். இரண்டுக்கும் என்றால் நடுத்துண்டு தோசைக்கல்லுக்கும், தலையும் வாலும் வயிற்றுத் துண்டும் குழம்புச் சட்டிக்கும் பிரியும்.

ஒரே மீன், ஒரே கத்தி, ஆனால் இரண்டு சமையல். மசாலா அரைப்பதற்கு முன்பே, அடுப்பு மூட்டுவதற்கு முன்பே, ருசியில் பாதி இங்கே முடிவாகிவிடுகிறது. இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே வெட்டி, தட்டில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி விற்கும் வழக்கம் இப்போது நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது. அதில் சௌகரியம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் எந்த மீனை எப்படி வெட்டுவது என்கிற அறிவு கையைவிட்டுப் போகும்போது, வெட்டுவதற்குச் சுலபமான நாலைந்து மீன்கள் மட்டுமே நமக்கு மீன் என்று ஆகிவிடும். அதுதான் கவலை.

மூன்று நீர், ஒரு சட்டி

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும்வரை தாமிரபரணி ஓடும் தூரம் சுமார் 128 கிலோமீட்டர்தான். இந்தச் சின்ன தூரத்துக்குள் மலையாறு, வயலாறு, கழிமுகம் என்று மூன்று உலகம் இருக்கிறது. வழியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம்வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் வழிநெடுகக் குளங்களை நிரப்புகின்றன. குளத்தில் கெண்டையும் விராலும், ஆற்றில் கெளுத்தியும் அயிரையும், கழிமுகத்தில் மடவையும் கொடுவாயும். கிழக்கே போனால் கடல். கூட்டப்புளி, இடிந்தகரை, உவரி என்று திருநெல்வேலி மாவட்டக் கரை; மணப்பாடு, திருச்செந்தூர், காயல்பட்டினம், தூத்துக்குடி என்று தொடரும் கரை. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது. ஆனால் மீனுக்கும் குழம்புக்கும் அந்த எல்லை இன்றுவரை கிடையாது.

கடல் மீனை உள்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் பெட்டி சுமந்த பெண்கள். பனையோலைக் கடகத்தில் மீனை அடுக்கி, நடந்தும் வண்டியிலும் பிற்பாடு பஸ்ஸிலும் வந்து விற்றார்கள். 1923-ல் திறக்கப்பட்ட திருநெல்வேலி - திருச்செந்தூர் ரயில் பாதை ஆற்றை ஒட்டியே ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர் என்று போகிறது. கடற்கரைக்கும் நெல் வயலுக்கும் நடுவில் இருந்த தூரத்தை அது ஒரு காலைப் பொழுதாகச் சுருக்கியது.

இந்த மண்ணுக்கும் மீனுக்கும் உள்ள உறவு பழையது. பாண்டியரின் துறைமுகமாக இருந்த கொற்கை இந்த ஆற்றின் முகத்துவாரத்தில்தான் இருந்தது. பாண்டியரின் சின்னமே கயல்தான். அதே சமயம், சொதியும் அவியலும் மணக்கிற சைவச் சமையலுக்கும் இதுதான் ஊர். மீன் சாப்பிடுகிற வீட்டிலும் செவ்வாய், வெள்ளி, புரட்டாசி என்று கணக்கு உண்டு. கடலோரக் கத்தோலிக்க வீடுகளிலோ வெள்ளிக்கிழமை கறியை விலக்கி மீன் சமைப்பது வழக்கம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாள்களில் வள்ளங்களும் நாட்டுப் படகுகளும் கொண்டுவருவதும், வற்றிவரும் குளத்து மீனும்தான் சந்தையைக் காப்பாற்றும். கடலில் மீன் குறையும்போது குளத்து மீன் கைகொடுக்கும். ஆனால் அதை வெட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

முள் கூடவே வேக வேண்டும்

நடுமுள்ளை நீக்கி, இரு பக்கச் சதையை மட்டும் நெடுக்காக எடுப்பது மேற்கத்திய வழக்கம். வங்காளத்தில் ரோகு மீனின் வட்டத்தையே இரண்டாக்கி, முதுகுத் துண்டு ஒரு சமையலுக்கு, வயிற்றுத் துண்டு இன்னொன்றுக்கு என்று வைத்துக்கொள்வார்கள். நம் பக்கம் பெரிய மீன் என்றால் முழு வட்டம்தான், நடுமுள் நடுவிலேயே இருக்கும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஆட்டிறைச்சியோடு ஒப்பிட்டால் மீன் சதையில் இணைப்புத் திசு மிகக் குறைவு. சதை மெல்லிய அடுக்குகளாக அமைந்திருக்கிறது. அந்த அடுக்குகளைப் பிடித்து வைத்திருக்கும் சவ்வு கொஞ்சம் சூட்டிலேயே இளகிக் கூழாகிவிடும். முள் இல்லாத சதையைக் கொதிக்கும் புளிக்குழம்பில் போட்டால் அடுக்கடுக்காக உதிர்ந்து காணாமல் போய்விடும். நடுமுள்ளும் தோலும் இருந்தால் துண்டு கட்டுக்கோப்பாக நிற்கும். முள்ளிலிருந்தும் தலையிலிருந்தும் இறங்கும் சத்துதான் குழம்பைக் கெட்டியாக்குகிறது. மறுநாள் காலையில் மீன் குழம்பு திரண்டு நிற்பதும், பழைய சோற்றுக்கு அது இன்னும் ருசியாக இருப்பதும் இதனால்தான்.

திருநெல்வேலிக் குழம்பு வைக்கும் முறையும் இந்தத் துண்டுக்கு ஏற்றாற்போல்தான் அமைந்திருக்கிறது. தேங்காய், மிளகாய் வத்தல், மல்லி, சீரகம், சின்ன வெங்காயம் எல்லாம் மையாக அரைபட வேண்டும். புளிக்கரைசலில் அரைப்பைக் கலந்து முதலில் அதுமட்டும் கொதிக்க வேண்டும். பச்சை வாடை போய், ஓரத்தில் எண்ணெய் தெளியும்போதுதான் மீன். முருங்கைக்காயோ மாங்காயோ போடுவதென்றால் அவை முக்கால் வேக்காடு வந்த பிறகு. மீன் போட்டபின் கரண்டி உள்ளே போகக் கூடாது. சட்டியின் இரு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் போதும். புளியின் காடி சதையை இறுக்குகிறது, கவிச்சி வாடையையும் கட்டுகிறது. முள்ளைவிட்டுச் சதை லேசாக விலகத் தொடங்கினால் இறக்கிவிடலாம். மண்சட்டி என்றால் அடுப்பிலிருந்து இறக்கியபின்னும் கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டிருக்கும், அந்தக் கணக்கையும் பார்த்துத்தான் இறக்க வேண்டும். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கும் காருக்குறிச்சி மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். மீனுக்கென்று தனிச் சட்டி வைத்துக்கொள்ளும் வீடுகள் இந்த வட்டாரத்தில் இன்றும் இருக்கின்றன.

தலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். கன்னச் சதையும் கண்ணைச் சுற்றிய கொழுப்பும் மீனிலேயே மிருதுவான பகுதிகள். விளமீன், கலவா, பாறை போன்றவற்றில் தலை மட்டுமே ஒரு குடும்பத்துக்கான குழம்புக்குப் போதும். பூவை முழுவதும் எடுத்து, தலைக்குள் இருக்கும் ரத்தக்கட்டைக் கழுவிவிட்டால் கசப்போ வாடையோ இருக்காது. சினை இருந்தால் அதைத் தனியே எடுத்து மஞ்சளும் உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி, சிறு தீயில் பொரிக்க வேண்டும். தீ கூடினால் முத்து முத்தாக வெடித்துச் சிதறும்.

கெண்டை முள்ளும் கெளுத்தி முள்ளும்

குளத்து மீனை ஒதுக்குகிறவர்கள் சொல்லும் காரணம் இரண்டு: முள், சேற்று வாடை. இரண்டுக்கும் நம் சமையலறையில் பதில் இருக்கிறது.

கெண்டை இனத்தில் நடுமுள், விலாமுள் தவிர, சதைக்குள்ளேயே எதனோடும் ஒட்டாமல் கிளைத்த நுனியுள்ள மெல்லிய முள்கள் புதைந்து கிடக்கும். தொண்டையில் சிக்குவது அவைதான். அவற்றைப் பிடுங்க முடியாது, ஆனால் நறுக்க முடியும். செதில் நீக்கிய மீனின் இரு பக்கமும், கூர்மையான கத்தியால், நெருக்கமாகக் குறுக்குக் கீறல் போட வேண்டும். கீறல் நடுமுள்ளைத் தொடும்வரை இறங்க வேண்டும். கத்தி இறங்கும்போது அந்த மெல்லிய முள் அறுபடும் ‘நறுக்’ ஓசை கேட்கும். மசாலா உள்ளே இறங்கி, எண்ணெயில் முறுகும்போது அறுபட்ட முள் துணுக்குகளும் முறுகி, பல்லுக்கே தெரியாமல் போய்விடும். இந்தக் கீறல் தெரிந்த வீட்டில் குளத்துக் கெண்டை விருந்து. தெரியாத வீட்டில் அதே மீன் பிள்ளைகளுக்குப் பயம்.

கெண்டை வகைகளை வெட்டும்போது பித்தப்பையில் கவனம் வேண்டும். கல்லீரலை ஒட்டி, கரும்பச்சையாக இருக்கும் அந்தப் பை கிழிந்தால் வயிற்றுச் சதை முழுவதும் கசந்துவிடும். மருந்து என்று நம்பி ரோகுவின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கிய சிலருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை நம் நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அது மருந்து அல்ல, நஞ்சு.

விரால் வேறு ரகம். நீரின்றியும் காற்றை உறிஞ்சிச் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதனால் உயிரோடுதான் விற்கும். பிடித்தால் வழுக்கும், சாம்பலில் புரட்டினால்தான் கைக்கு அகப்படும். கொழகொழப்புப் போகுமட்டும் சாம்பலோ கல்லுப்போ போட்டுத் தேய்த்து, கடுந்தோலை உரித்தோ உரிக்காமலோ துண்டு போடுவார்கள். கெண்டைபோல உள்முள் தொல்லை இல்லாததால், முள்ளுக்குப் பயப்படுகிறவர்களுக்கும் நோயிலிருந்து எழுந்தவர்களுக்கும் இதுதான் ஏற்றது. கெளுத்தியில் முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள். குத்தினால் கடுகடுக்கும். முதலில் அந்த மூன்றையும் ஒடித்துப்போட்ட பிறகுதான் மற்ற வேலை. அயிரைக்குக் கத்தியே தேவையில்லை. உள்பக்கம் சொரசொரப்பான மண்சட்டியில் கல்லுப்போடு போட்டு உரச வேண்டும். தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். பிறகு முழுசாகக் குழம்பில் விட வேண்டும்.

சேற்று வாடைக்குக் காரணம் சேறு அல்ல. நீரில் வாழும் நுண்பாசிகளும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் கொழுப்பிலும் தோலிலும் தங்கிவிடுகிறது. காடி பட்டால் அது சிதையும். குளத்து மீனைப் புளித்தண்ணீரிலோ மோரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்துக் கழுவச் சொன்ன பாட்டிகள் ஜியோஸ்மினைக் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் மருந்தைச் சரியாகப் பிடித்திருந்தார்கள். புன்னைக்காயல் கழிமுகத்து மடவையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வயிற்றின் உட்புறம் கறுப்பாக ஒட்டியிருக்கும் சவ்வை விரலால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டால் எவ்வளவு நல்ல மசாலா போட்டாலும் ஒரு கசப்பு எட்டிப் பார்க்கும்.

கத்தி படாத மீன்கள்

நெத்திலி ஆய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இடது கையில் மீன். வலது கைப் பெருவிரல் நகம் செவுளுக்குக் கீழே அழுந்துகிறது. தலையைக் கிள்ளி, அதே இழுப்பில் கீழ்நோக்கி உருவினால் தலையோடு குடலும் சேர்ந்து வந்துவிடுகிறது. ஒரு மீனுக்கு ஒரே ஒரு அசைவு. கை பழகியவர்கள் பேச்சை நிறுத்தாமல் ஒரு கிலோ நெத்திலியை ஆய்ந்து முடித்துவிடுவார்கள். மாங்காய் போட்டு அவியலாக வைத்தாலும், வத்தல்பொடி புரட்டிப் பொரித்தாலும் நடுமுள் இளகிச் சதையோடு கரைந்துவிடும். முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் உடம்பில் சேரும்.

மத்தி என்று மற்ற ஊர்களில் சொல்லும் சாளைக்கும் கத்தி அதிகம் வேண்டாம். செதிலைச் சுரண்டி, தலையைத் தறித்து, வயிற்றோரத்தைச் சன்னமாகச் சீவினால் குடல் வந்துவிடும். பொரிப்பதற்குப் பக்கத்துக்கு மூன்று கீறல் போதும். இதயத்துக்கு நல்லது என்று மாத்திரையாக வாங்கி விழுங்கும் ஒமேகா-3 கொழுப்பு சாளையில் ஏராளம். சீலாவின் விலையோடு ஒப்பிட்டால் சாளை, காரல், முரல் எல்லாம் எளியவர் வீட்டு மீன்கள்தான். ஆனால் சின்ன மீனை ஆய நேரமில்லை, ஆளில்லை என்று ஆகிவிட்டது. சத்தும் குறைந்த விலையும் ஒருசேர இருந்தும், கைவேலை கூடுதல் என்பதால் இவை ஒதுக்கப்படுகின்றன.

புட்டாகும் சுறா

எந்த மீனை எப்படி வெட்டுவது என்பதை அந்த மீனின் உடம்புதான் தீர்மானிக்கிறது என்பதற்குச் சுறாப் புட்டை விடச் சிறந்த சாட்சி இல்லை. சுறாவுக்கும் திருக்கைக்கும் எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். கடலின் உப்பைச் சமாளிக்க அவற்றின் சதையில் யூரியா தங்கியிருக்கும். மீன் இறந்தபின் அது அம்மோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். இந்த மீனை வட்டத் துண்டு போட்டுப் பொரித்தால் அந்த வாடை உள்ளேயே நின்றுவிடும். அதனால்தான் பெரிய துண்டுகளாக வெட்டி, மஞ்சள் போட்ட தண்ணீரில் வேகவைத்து, மணல் ஒட்டியது போன்ற தோலை உரித்து, குருத்தை எடுத்துவிட்டு, சதையை உதிர்த்து, தண்ணீர் வடிய அழுத்திப் பிழிகிறார்கள். வாடை அந்தத் தண்ணீரோடு போய்விடும். பிறகு நிறையச் சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு வதக்கினால் பொலபொலவென்று புட்டு. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுறா வாங்கிப் புட்டு செய்து கொடுப்பது இங்கே பல வீடுகளில் இன்றும் தொடரும் வழக்கம்.

இந்தப் பழக்கத்தோடு ஒரு பொறுப்பும் சேர வேண்டும். சுறாக்கள் மெதுவாக வளர்ந்து, குறைவாகக் குட்டி போடுபவை. அளவுக்கு மீறிப் பிடித்தால் மீண்டு வர நெடுங்காலம் ஆகும். திமிங்கலச் சுறா, வேளா போன்றவை 2001 முதலே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கின்றன. 2022-ல் திருத்தப்பட்டபோது அந்தப் பட்டியல் இன்னும் நீண்டது. எது அனுமதிக்கப்பட்ட இனம் என்று தெரிந்துகொண்டு வாங்குவது விற்பவர், வாங்குபவர் இருவரின் கடமை.

உப்பும் புகையும்

அன்றைக்கே விற்காத மீனுக்கு வேறு வெட்டு. நெத்திலி, சாளை, காரல் போன்றவை முழுசாகவே உப்பில் புரண்டு மணலிலோ தளத்திலோ காயும். பெரிய மீனை முதுகுப் பக்கமாகப் பிளந்து விரித்து, தடித்த சதையில் ஆழக் கீறி, கீறலுக்குள் உப்பைத் திணிப்பார்கள். உப்பு நடுமுள்வரை இறங்காவிட்டால் வெளியே காய்ந்தும் உள்ளே அழுகியும் போகும். தென் மாவட்டக் கரைகளில் குழிக் கருவாடு என்று ஒன்று உண்டு. உப்பிட்ட மீனைப் பனையோலைப் பாயில் சுற்றி மணலில் குழிதோண்டிப் புதைத்து, இரண்டு மூன்று நாள் கழித்து எடுப்பது. காய வைப்பதில்லை, ஈரமும் மணமும் அப்படியே இருக்கும்.

உப்பளங்களுக்குப் பேர்போன தூத்துக்குடியின் கரையில் கருவாடு பெருகியது இயல்பு. ஆனால் ஆங்கிலேயர் காலத்து உப்பு வரி மீனவர்களை வாட்டியிருக்கிறது. இந்திய மீன்வளத்தை ஆராய்ந்து 1873-ல் அறிக்கை வெளியிட்ட ஃபிரான்சிஸ் டே, வரியால் உப்பின் விலை ஏறி, மீனைச் சரியாகப் பதப்படுத்த வழியில்லாமல் மீனவர் தவித்ததை எழுதினார். வேலி போட்ட களங்களுக்குள், வரி இல்லாத உப்பில் கருவாடு போட அனுமதிக்கும் முறையை அதன்பின் சென்னை மாகாண அரசு கடற்கரையெங்கும் விரிவாக்கியது. தட்டில் கிடக்கும் ஒரு துண்டுக் கருவாட்டுக்குள் இப்படி ஒரு வரலாறும் இருக்கிறது.

மாசிதான் இந்தக் கலையின் உச்சம். சூரை மீனின் தலையையும் குடலையும் நீக்கி, உடம்பை நெடுக்காக நான்கு பாளமாகப் பிரித்து, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, முள் எடுத்து, புகை காட்டி, வெயிலில் நாள்கணக்கில் உலர்த்த வேண்டும். முடிவில் அது விறகுக் கட்டைபோல இறுகிவிடும். இடித்துப் பொடித்துத் தேங்காய், வத்தல், சின்ன வெங்காயத்தோடு சேர்த்தால் மாசிச் சம்பல். இலங்கைச் சமையலுக்கு உயிர்நாடியான பொருள் இது. தூத்துக்குடி - கொழும்பு வணிகத்தில் அதற்கு நீண்டகால இடம் உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த இபின் பதூதா, அங்கே மீனை நான்காக வெட்டி, லேசாக வேகவைத்து, ஓலைக் கூடையில் இட்டுப் புகையில் தொங்கவிடுவதை எழுதிவைத்திருக்கிறார். அன்று அவர் பார்த்த வெட்டு இன்றைக்கும் மாறவில்லை. ஜப்பானியர் வடிநீருக்குச் சீவிப் போடும் காட்சுவோபுஷியும் இதே சூரை இனத்து மீனை வேகவைத்துப் புகையிட்டுச் செய்வதுதான்.

சூரையைப் பச்சையாக வாங்கும்போது எச்சரிக்கை தேவை. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையிலும் அயிலையிலும் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். தின்றால் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலைவலி வரும். சமைத்தாலும் அது அழியாது. இந்த இரண்டு மீனையும் ஐஸில் இருந்தால் மட்டுமே வாங்க வேண்டும்.

மார்க்கெட்டில் நிற்கும்போது

கண் தெளிந்து மேடாக இருக்க வேண்டும், குழி விழுந்து மங்கியிருந்தால் பழசு. செவுளைத் தூக்கிப் பார்த்தால் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிமிர வேண்டும். வெட்டிவைத்த துண்டில் கண்ணும் செவுளும் இருக்காது என்பதால் இந்தச் சோதனை எதுவும் செல்லாது. அதனால் முழு மீனைப் பார்த்து, நம் கண் முன்னால் வெட்டச் சொல்வதே நல்லது. வெட்டியபின் ஊறப்போட வேண்டாம். அலசியதும் தண்ணீரை வடித்துவிட வேண்டும், நீரில் கிடந்தால் ருசி இறங்கிவிடும். பொரிக்கும் துண்டில் ஈரம் இருந்தால் கல்லில் ஒட்டும். மசாலா தடவி அரைமணி நேரம் வைத்து, எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் போட்டு, ஒரு பக்கம் தானாகக் கல்லைவிடும்வரை புரட்டாமல் இருக்க வேண்டும்.

கத்தி யார் கையில்?

இந்த அறிவு எந்தப் பள்ளியிலும் பாடமாக இல்லை. பெட்டி சுமக்கும் பெண்கள், மார்க்கெட்டில் கிலோவுக்கு இவ்வளவு என்று வெட்டிக் கொடுப்பவர்கள், அரிவாமனையோடு உட்காரும் வீட்டுப் பெரியவர்கள் ஆகியோரின் கையில்தான் அது இருக்கிறது. அவர்களை நாம் எப்படி நடத்துகிறோம்? 2021 டிசம்பரில், பக்கத்து மாவட்டத்தில், குளச்சல் பேருந்து நிலையத்தில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு மூதாட்டி வாடை வருகிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். தமிழ்நாடே கொதித்தது, முதல்வர் கண்டித்தார், பணியாளர்கள் மேல் நடவடிக்கை வந்தது. ஆனால் தண்ணீர்க் குழாய் இல்லாத, சாக்கடை ஓரமான, நிழலற்ற இடங்களில் மீன் வெட்டும் வேலை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சுத்தமான வெட்டுமேடை, ஓடும் நீர், கழிவு போக வழி, ஐஸ் ஆகிய நான்கும் ஒவ்வொரு ஊர் மீன் மார்க்கெட்டிலும் இருந்தாக வேண்டும். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நம் வெட்டு முறைகளையும் சட்டி முறைகளையும் இவர்களிடமிருந்து கேட்டு எழுதிவைக்கும் வேலையை அதுபோன்ற நிறுவனங்கள் கையில் எடுக்க வேண்டும்.

இது ருசி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. இன்று குளங்களில் வளரும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளியைச் சேர்ந்தவை. 1957 ஜூலை 10 அன்று ஹிராலால் சவுத்ரி ஊசிமூலம் கெண்டையை முட்டையிடவைத்து வெற்றி கண்டபின் அவை நாடெங்கும் பரவின. ஜிலேபிக் கெண்டை 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. இவை வந்ததால் மலிவாகப் புரதம் கிடைத்தது என்பது உண்மை. ஆனால் இந்த ஆற்றுக்கென்றே உரிய மீன்களும் இருக்கின்றன. 1954-ல் இ.ஜி. சைலாஸ் விவரித்த கெண்டை வகை ஒன்றுக்குத் தாமிரபரணியின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. இன்று அது அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. மணல் அள்ளியதும், சாக்கடை கலந்ததும், வெளியிலிருந்து வந்த மீன்கள் பெருகியதும் ஆற்றின் சொந்த மீன்களை நெருக்குகின்றன. ஓர் ஊர் தன் மீன்களின் பெயரையும் வெட்டையும் மறந்துவிட்டால், அவை குறைவதைக் கவனிக்கவும் அங்கே ஆள் இருக்காது.

எல்லோரும் சீலாத் துண்டையே கேட்டால் சீலாவின் விலை ஏறும், கடலில் அதன் எண்ணிக்கை இறங்கும். வலையில் கூடவே வந்த காரலும் முரலும் கோழித் தீவனத்துக்குப் போகும். பத்து மீனை வெட்டத் தெரிந்த வீடு பத்து மீனையும் வாங்கும். விலை ஏறினால் இன்னொன்றுக்கு மாறும், தடைக்காலத்தில் குளத்து மீனுக்குத் திரும்பும், தலையையும் சினையையும் வீணாக்காது. கத்தி பிடிக்கத் தெரிந்த கை வீட்டுச் செலவையும் காக்கும், கடலையும் காக்கும்.

ஆகவே அடுத்த ஞாயிறு மார்க்கெட்டுக்குப் போகும்போது, வழக்கமாக வாங்கும் மீனைத் தாண்டி இரண்டு அடி நடந்து, பெயர் தெரியாத ஒரு மீனின் முன் நில்லுங்கள். “யக்கா, இத எப்படி வெட்டணும், எதுக்கு நல்லா இருக்கும்?” என்று கேளுங்கள். கூடவே பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டிய தலைமுறை நாம்தான்.